பாட்டிக்காகச் செய்த மின்னணுக் கண்ணாடி: ஏன் கழற்றி வைத்துவிட்டார்?

பற்றாசு

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் பாட்டிக்கு 78 வயது. இரண்டு கண்ணிலும் வயதால் வரும் மாகுலா (விழித்திரையின் நடுப்பகுதி) சிதைவு, உலர் வகை. கடைசியாகச் சோதித்தபோது பார்வை 6/60, அதாவது மற்றவர்கள் 60 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை அவர் 6 மீட்டரில்தான் படிப்பார். ஓரத்தில் தெரிகிறது, நடுவில்தான் இல்லை. வீட்டுக்குள் தடுமாறாமல் நடப்பார். ஆனால் எதிரில் போய் நின்றால், நான் வாய் திறந்த பிறகுதான் நான் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கு எம்பெடட் மென்பொருளில் வேலை. எட்டு மாதமாக இரவில் உட்கார்ந்து அவருக்காக ஒரு கண்ணாடி செய்தேன். நெற்றி நடுவில் கேமரா. இரண்டு கண்ணுக்கும் முன்னால் லென்ஸோடு சின்னத் திரைகள். இடுப்பில் ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி, பேட்டரி. தலையில் ஏறும் பகுதி மட்டும் 310 கிராம். படத்தை மூன்று மடங்கு பெரிதாக்கி, கான்ட்ராஸ்ட்டைக் கூட்டி, விளிம்புகளை அழுத்தமாகக் காட்டும். எதிரில் இருப்பதைக் கண்டுபிடித்து 'நாற்காலி', 'கதவு', 'ஆள்' என்று காதில் சொல்லவும் செய்யும். எட்டு மாதத்தில் ஐந்து மாதம் அந்தச் சொல்லும் பகுதிக்கே போனது.

முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போட்டுப் பார்த்தார். ஒரு கை தூரத்தில் அசையாமல் நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "மீசை வச்சிருக்கியா? யாருமே சொல்லலையே" என்றார். மூன்று வருடமாக மீசை இருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

அந்த உற்சாகத்தில் எழுந்து ஜன்னல் பக்கம் போகப் பார்த்தார். நாலு அடி வைத்திருப்பார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மறுநாள் பத்து நிமிடம் போட்டிருந்தார். மூன்றாம் நாள், "எடுத்து வச்சிடு கண்ணு, தலை சுத்துது" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய பூதக்கண்ணாடியைத் தேடி எடுத்துக்கொண்டார். மூன்று வாரமாக என் கண்ணாடி மேசையில் கிடக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. சுவரில் பூப்பூவாக, வலை பின்னியதுபோல ஏதோ தெரிகிறது என்கிறார். கண்ணாடியைக் கழற்றிய பிறகும் தெரிகிறதாம். திரையால் அவர் கண்ணுக்கு ஏதாவது கெடுதல் செய்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது.

எடைதான் காரணமா? பொருளைச் சொல்லும் மாடலை இன்னும் துல்லியமாக்கினால் பிடித்துப்போகுமா? எதைக் கழிப்பது, எதை வைத்துக்கொள்வது? இப்படிக் கருவிகளைத் தலையில் மாட்டிப் பழகியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஓரப்பார்வை

தம்பி, நான் பழகியவள். பதின்மூன்று வயதில் ஸ்டார்கார்ட் (சின்ன வயதிலேயே மாகுலா கெடும் பரம்பரை நோய்) என்று கண்டுபிடித்தார்கள், இப்போது நாற்பத்து மூன்று. பள்ளியில் வரலாறு சொல்லிக்கொடுக்கிறேன். பதினொரு வருடத்தில் நாலு கருவிகள் என் தலையில் ஏறி இறங்கியிருக்கின்றன. அதில் ஒன்றைச் சந்தைக்கு வருமுன் சோதித்துச் சொல்ல என்னிடம் கொடுத்திருந்தார்கள். அதனால் பாட்டி பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

நடுவில் தெரியவில்லை என்றால் நடுவில் கறுப்பாக ஓட்டை இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படி இல்லை. சுற்றிலும் இருக்கும் நிறத்தை எடுத்து மூளையே அந்த இடத்தைப் பூசி மெழுகிவிடும். சுவரைப் பார்த்தால் சுவர் முழுசாக இருக்கும், அதில் மாட்டிய கடிகாரம் மட்டும் இருக்காது. ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் அவர் காதுக்கு மேலே பார்ப்பேன். அப்போது முகம் என் விழித்திரையில் நன்றாக இருக்கும் இடத்தில் வந்து விழும். சொல்லிக்கொடுத்து வந்த பழக்கமில்லை இது, கண் தானாகக் கண்டுபிடித்துக்கொண்ட இடம். உங்கள் பாட்டிக்கும் அப்படி ஓர் இடம் இருக்கும். பூதக்கண்ணாடியில் படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, கண் எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று.

இப்போது உங்கள் கண்ணாடிக்கு வருவோம். திரைக்கு முன்னால் நீங்கள் வைத்த லென்ஸ், கண் நேராகப் பார்க்கும் என்ற கணக்கில் செய்தது. கண்மணி நிற்க வேண்டிய இடம் அதில் சில மில்லிமீட்டர் அகலம்தான். கண் 10 டிகிரி திரும்பினாலே கண்மணி ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். எங்களில் பலருக்கு அதைவிட அதிகமாகத் திருப்ப வேண்டியிருக்கிறது. திருப்பிய உடனே படத்தின் ஒரு பக்கம் இருண்டுபோகும், எழுத்து வளையும். நான் சோதித்த கருவியிலும் இதே கதைதான். அதைச் செய்த பையன் மூன்று தடவை "நேரா பாருங்க மேடம்" என்றான். நேராகப் பார்த்தால் எழுத்து மறைந்துவிடுகிறது என்று பொறுமையாகச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவன், படத்தின் நடுப்புள்ளியை மென்பொருளில் இடப்பக்கமாகவும் கீழேயும் தள்ளிவிட்டான். கண் நேராக இருந்தது, படம் எனக்குத் தெரியும் இடத்தில் விழுந்தது. தலையைச் சாய்க்காமல் ஒரு முழு வரியை அன்றைக்குத்தான் படித்தேன். அவனுக்கு இருபது வரி மாற்றம்கூட இருந்திருக்காது. பாட்டிக்காக நீங்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பேன்.

அடுத்தது நடை. மாகுலா போனவர்கள் நடப்பது ஓரப்பார்வையை வைத்து. வாசல்நிலை, நாற்காலிக் கால், யாரோ குறுக்கே வருவது, எல்லாம் ஓரத்தில்தான் தெரியும். நீங்கள் அந்த ஓரத்தை மூடிவிட்டு, நடுவில் ஒரு பெரிய படத்தை வைத்திருக்கிறீர்கள். உங்கள் திரை 40 டிகிரி அகலம் என்று வைத்துக்கொண்டாலும், மூன்று மடங்கு பெரிதாக்கினால் அதில் உலகத்தின் 13 டிகிரிதான் அடங்கும். கையை நீட்டி விரல்களை அகல விரியுங்கள். கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் நடுவே சுமார் 20 டிகிரி இருக்கும். அதைவிடச் சின்னத் துளை வழியாகத்தான் பாட்டி ஜன்னலுக்குப் போகப் பார்த்தார். சுவரைப் பிடித்தது அவருடைய புத்திசாலித்தனம்.

எனக்கு அன்றைக்கு அது வரவில்லை. இரண்டாவது கருவி வாங்கிய புதிதில், பள்ளி மாடிப்படியில் அதைப் போட்டபடியே இறங்கினேன். கீழே என் கால் தெரியவில்லை, பெரிதாகத் தெரிந்த தரை பக்கத்தில் இருப்பதுபோல இருந்தது. கடைசிப் படி முடிந்துவிட்டது என்று நினைத்துக் காலை வைத்தேன். இரண்டு வாரம் முழங்கால் வீக்கம். அதற்கப்புறம் எனக்கு ஒரே விதி: பெரிதாக்கும் கருவி உட்காரும்போது மட்டும். நடக்கப்போனால் நெற்றிக்கு ஏறிவிட வேண்டும். அதனால் தொப்பி விளிம்புபோல ஒரே கையால் மேலே தூக்கிவிடுகிற கீல் வையுங்கள். கண்ணுக்குக் கீழேயும் பக்கவாட்டிலும் திறந்தே விடுங்கள்.

குரல் விஷயத்தில் மனம் நோகாதீர்கள். ஐந்து மாத உழைப்பு என்று எழுதியிருக்கிறீர்கள், படிக்கும்போது எனக்கே கஷ்டமாக இருந்தது. ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். அவர் வீட்டில் நாற்காலி எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். கொஞ்சமாவது பார்வை இருப்பவருக்கு 'நாற்காலி' என்ற சொல்லால் கிடைப்பது குறைவு, அது எடுத்துக்கொள்வது அதிகம். எடுத்துக்கொள்வது அவருடைய காதை. யார் வந்தது, எந்தக் கதவு திறந்தது, நீங்கள் சிரிக்கிறீர்களா சலித்துக்கொள்கிறீர்களா, எல்லாம் அவருக்குக் காது வழியாகத்தான் வருகிறது. சும்மா சும்மா பேசும் இயந்திரம் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். குரலைத் தூக்கி எறிய வேண்டாம், பட்டனை அமுக்கினால் மட்டும் பேசட்டும். அப்போதும் 'தாள்' என்று சொல்லாமல், தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துச் சொல்லட்டும். எழுத்தைப் படித்துக்காட்டுவதுதான் எனக்குத் தினமும் கைகொடுக்கிறது.

சரி, எது எனக்கு உண்மையிலேயே பிடித்தது என்று சொல்கிறேன். படத்தை நிறுத்தும் பட்டன்.

போன வருடம் ஒரு பிள்ளை வரைபடம் வரைந்து கொண்டுவந்தாள். ஆறுகளைப் பென்சிலால் மெல்லிசாக இழுத்திருந்தாள். தாளைக் கையில் பிடித்தால் கை ஆடுகிறது, பெரிதாக்கினால் ஆட்டமும் பெரிதாகிறது. ஒரு நொடி அசையாமல் நின்று பட்டனை அமுக்கினேன். படம் நின்றுவிட்டது. தாளை மேசையில் வைத்துவிட்டு, நின்ற படத்தை ஆறு மடங்கு பெரிதாக்கி, நிறத்தைத் தலைகீழாக்கி, கறுப்புமேல் வெள்ளைக் கோடாக ஒவ்வொரு ஆறாக விரலால் நகர்த்திப் பார்த்தேன். ஓர் ஆறு மலையைத் தாண்டி மேலே ஏறியிருந்தது. "இந்த ஆறு ஏறுதே" என்றேன். அவள் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்துவிட்டு, ரப்பரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இதுதான் எனக்கு வேண்டியது, தம்பி. நானே பார்த்து, நானே கண்டுபிடித்து, நானே சொல்வது.

அப்புறம் பட்டன்கள். தொடுதிரை, தலையாட்டினால் மாறுவது, மெனுவுக்குள் மெனு, எதுவும் வேண்டாம். கண்ணாடியைப் போட்டிருக்கும்போது கையில் இருப்பது தெரியாது, எல்லாம் விரல் தடவல்தான். கட்டைவிரலுக்கு ஒரு சக்கரம், பக்கத்தில் நிறுத்தும் பட்டன், நிறம் மாற்ற ஒன்று. மூன்றும் மூன்று வடிவத்தில் இருக்கட்டும்.

பேட்டரி பற்றியும் ஒன்று. என் மூன்றாவது கருவி நல்ல கருவி. அதைச் செய்தவர்கள் கடையைக் கட்டிவிட்டார்கள். அவர்களுடைய பேட்டரிக்கு மட்டுமே பொருந்தும் ஒரு தனிச் செருகி. இரண்டு வருடத்தில் பேட்டரி போனது, கருவி இன்னும் அலமாரியில் புதுசுபோல இருக்கிறது. எங்கும் கிடைக்கும் பவர் பேங்க்கை மாட்டினால் ஓடும்படி செய்யுங்கள்.

பூக்கள் பற்றித் தெரிந்தவர் யாராவது சொல்லட்டும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது, பயப்படாதீர்கள்.

விழிக்கோணம்

குறைபார்வை சிகிச்சைப் பிரிவில் கண் பரிசோதகராக இருக்கிறேன். பூக்களிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பயம் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் பாட்டி சொல்வது பெரும்பாலும் சார்லஸ் பானே நிலை. கண்ணிலிருந்து வரும் செய்தி குறைந்துபோகும்போது, பார்வைக்கான மூளைப்பகுதி தானே உருவங்களை உண்டாக்கிக்கொள்கிறது. வலைப்பின்னல், பூ வேலைப்பாடு, சில சமயம் முகங்கள், சின்னச் சின்ன மனிதர்கள்கூட. திரையால் வந்ததல்ல, மனநோயும் அல்ல. சார்லஸ் பானே ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கையியலாளர். கண்புரையால் பார்வை மங்கிய தன் தாத்தா கண்டதை 1760ல் எழுதிவைத்தார். நீங்கள் பாட்டியைப் பற்றி எழுதியதைப் படித்ததும் அந்தப் பேரன்தான் நினைவுக்கு வந்தார்.

பாட்டியிடம் இதைச் சொல்லிவிடுங்கள். "புத்தி பேதலித்துவிட்டதோ" என்று பயந்து வெளியே சொல்லாமலே இருப்பவர்கள் நிறையப் பேர். அவர் உங்களிடம் சொன்னதே பெரிய விஷயம். அடுத்த முறை போகும்போது கண் மருத்துவரிடமும் சொல்லுங்கள். ஆனால் நேர்க்கோடுகள் திடீரென்று வளைந்து தெரிகின்றன, வாசல்நிலை நெளிகிறது என்று சொன்னால் அது வேறு. உலர் வகை ஈர வகையாக மாறுவதாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், அதற்கு ஊசி மருந்து இருக்கிறது, தாமதித்தால் பலன் குறையும்.

இப்போது கண்ணாடி. மூன்று மடங்கு என்பதை எதை வைத்து முடிவு செய்தீர்கள்? 6/60 பார்வைக்கு 6/12 அளவு எழுத்து தெரிய வேண்டுமென்றால் ஐந்து மடங்கு தேவை. அதுவும் எழுத்து மட்டுமட்டாகத் தெரிவதற்கு. சரளமாகப் படிக்க, மட்டுமட்டாகத் தெரியும் அளவைப்போல இரண்டு பங்காவது எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். முகத்துக்கு அவ்வளவு வேண்டியதில்லை. எனவே ஒரே எண்ணில் நிறுத்தாதீர்கள், முந்தைய பதிவர் சொன்ன சக்கரம் அதற்குத்தான்.

கான்ட்ராஸ்ட்டையும் சோதிக்கச் சொல்லுங்கள். 1988ல் வந்த பெல்லி-ராப்சன் அட்டையில் எழுத்தின் அளவு மாறாது, மூன்று மூன்று எழுத்தாக வெளுத்துக்கொண்டே போகும். அதில் அவர் எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால் கான்ட்ராஸ்ட்டை எவ்வளவு கூட்டுவது என்று குத்துமதிப்பு இல்லாமல் முடிவு செய்யலாம். விளிம்பை அழுத்தமாக்குவதில் ஒரு எச்சரிக்கை: எழுத்துக்கு உதவும், முகத்தில் போட்டால் சுருக்கமெல்லாம் கோடாகி ஆள் மாறிவிடுவார். அதை அணைத்துவைக்க வழி இருக்கட்டும்.

ஒரு சின்ன விஷயம், பலர் மறப்பது. அவருக்கு வழக்கமான பவர் கண்ணாடி இருக்கிறதா? உங்கள் லென்ஸ் படத்தை எந்தத் தூரத்தில் காட்டுகிறதோ, அந்தத் தூரத்துக்கான பவர் அவர் கண்முன் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிதான படம் மங்கலாகவே பெரிதாகும்.

அப்புறம், இதே கருவியை வேறு யாருக்காவது கொடுக்கும் எண்ணம் வந்தால் நிதானியுங்கள். விழித்திரை நிறமிச் சிதைவு உள்ளவருக்கும் முற்றிய கிளாக்கோமா உள்ளவருக்கும் ஓரம் போய் நடு மிஞ்சியிருக்கும். அவர்களுக்குப் பெரிதாக்கினால் இருக்கும் கொஞ்சம் உலகமும் கைநழுவும். அவர்களுக்கு வேண்டியது சிறிதாக்குவது. பாஸ்டனில் ஸ்கெப்பன்ஸ் கண் ஆய்வு நிறுவனத்தின் எலி பெலி இதற்கு ஓர் அழகான வழி கண்டார். கண்ணாடி ஒளி ஊடுருவுவதாக இருக்கும், எதிரில் இருப்பது இயல்பாகத் தெரியும். அதன்மேல் அகன்ற காட்சியின் விளிம்புக் கோடுகளை மட்டும் சிறிதாக்கி மெலிதாக வரைவார்கள். ஓரத்தில் யாரோ வருவது கோட்டுருவமாக நடுவிலேயே தெரிந்துவிடும், தலையைத் திருப்பி நேராகப் பார்த்துக்கொள்ளலாம். குறைபார்வை என்ற ஒரே பெயருக்கு இப்படி நேரெதிரான இரண்டு கருவிகள்.

நீங்கள் மோதிக்கொண்டிருப்பது பழைய சுவர்தான். ஜான்ஸ் ஹாப்கின்ஸின் வில்மர் கண் நிறுவனம் நாசாவோடு சேர்ந்து உருவாக்கிய எல்.வி.இ.எஸ். என்ற தலைக்கருவி 1994ல் வந்தது. கறுப்பு வெள்ளைப் படம், சுமக்கக் கனம். முப்பது வருடத்தில் கேமராவும் திரையும் எவ்வளவோ மாறிவிட்டன. கனம், குறுகிய காட்சி, தலைசுற்றல், இந்த மூன்றும் இன்னும் முழுசாகத் தீரவில்லை.

கடிகாரத்துடிப்பு

தலைசுற்றலுக்கு நான் வருகிறேன். எடையைவிட எனக்குத் தாமதத்தின் மேல்தான் சந்தேகம். கேமரா பார்த்தது திரைக்கு வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அளந்தீர்களா? நீங்கள் எழுதவே இல்லை.

அளப்பது சுலபம், நண்பா. ஒரு எல்.ஈ.டி.யைக் கேமரா முன்னால் வையுங்கள். எல்.ஈ.டி.யும் உங்கள் திரையும் ஒரே படத்தில் வரும்படி ஃபோனில் வினாடிக்கு 240 ஃப்ரேம் ஸ்லோமோஷனில் எடுங்கள். எல்.ஈ.டி. எரிந்த ஃப்ரேமிலிருந்து திரையில் எரிந்த ஃப்ரேம் வரை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் 4 மில்லிவினாடிக்குக் கொஞ்சம் மேல். பத்துத் தடவை எடுத்து மோசமானதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு முக்கியம்? தலை திரும்பும்போது காட்சி ஆடாமலிருக்க, உள்காதின் சமநிலை உறுப்பு கண்ணை எதிர்ப்பக்கம் திருப்புகிறது. அதற்கு ஆகும் நேரம் சுமார் 10 மில்லிவினாடி. இப்போது உங்கள் கருவியின் தாமதம் 100 மில்லிவினாடி என்று வைத்துக்கொள்வோம். பாட்டி வினாடிக்கு 60 டிகிரி வேகத்தில் சாதாரணமாகத் தலையைத் திருப்புகிறார். படம் 6 டிகிரி பின்தங்கும். மூன்று மடங்கு பெரிதாக்கியதால் அது திரையில் 18 டிகிரி. காது 'திரும்பிவிட்டேன்' என்கிறது, கண் 'இன்னும் இல்லை' என்கிறது. வயிற்றைப் புரட்டாமல் என்ன செய்யும்? தாமதம் பூஜ்யமே ஆனாலும், மூன்று மடங்கு படம் மூன்று மடங்கு வேகமாக ஓடுவதைத் தடுக்க முடியாது. அதனால் நடந்துகொண்டே பெரிதாக்குவது வேண்டாம் என்று அக்கா சொன்னது கணக்குப்படியும் சரி.

குறைக்க வழி இருக்கிறது. 30 ஃப்ரேமில் ஓட்டினால் ஒரு ஃப்ரேமுக்கே 33 மில்லிவினாடி, வழியில் ஃப்ரேம் காத்திருக்கும் பஃபர் மூன்று இருந்தால் 100 ஆகிவிடும். தெளிவைக் குறைத்தாவது 60க்குப் போங்கள். வரிசையில் எப்போதும் புது ஃப்ரேம் ஒன்று மட்டும் இருக்கட்டும், பழையதைத் தயங்காமல் கொட்டிவிடுங்கள். பொருள் கண்டுபிடிக்கும் மாடல் படத்தின் பாதையில் நின்றுகொண்டிருந்தால் அதைத் தனியாக ஓடும் வேறு திரெட்டுக்குத் தள்ளுங்கள், திரை அதற்காகக் காத்திருக்கக் கூடாது. பெரிதாக்குவது, நிறம் மாற்றுவது எல்லாம் படவேலைக்கான சிப்பான ஜி.பி.யு.வில் நடக்கட்டும். வீட்டு வெளிச்சத்தில் கேமரா தானாக எக்ஸ்போஷரை (ஒரு ஃப்ரேமுக்கு ஒளி வாங்கும் நேரத்தை) நீட்டிக்கொள்ளும், அதற்கு ஒரு உச்சவரம்பு வையுங்கள். கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும், பரவாயில்லை.

ஆட்டோஃபோகஸ் இருந்தால் அதையும் கவனியுங்கள். தாளைப் பிடித்த கை ஆடும்போதெல்லாம் முன்னும் பின்னும் தேடி, படத்தை ஊதி ஊதி அடக்கும். ஒரு தடவை அமுக்கினால் ஒரு தடவை ஃபோகஸ் செய்து அங்கேயே பூட்டிக்கொள்வதுபோல வைத்தால் போதும். 310 கிராமில் எடையைவிட அது எங்கே தொங்குகிறது என்பதுதான் தொல்லை. முன்னால் இழுக்காமலிருக்கப் பின்னந்தலைப் பட்டையில் கொஞ்சம் பாரம் சேர்த்துப் பாருங்கள். எடை கூடினாலும் மூக்குக்குச் சுகமாக இருக்கும்.

பற்றாசு

ஐந்து வாரம் கழித்து வருகிறேன். மூவருக்கும் நன்றி.

அளந்தேன். 29 ஃப்ரேம், அதாவது 121 மில்லிவினாடி. மோசமானது 37 ஃப்ரேம். பொருள் கண்டுபிடிக்கும் மாடல்தான் பாதையில் நின்றுகொண்டிருந்தது. அதை எடுத்துவிட்டேன். 60 ஃப்ரேம், ஒற்றை பஃபர் என்று மாற்றியதும் 13 ஃப்ரேமுக்கு வந்தது, 54 மில்லிவினாடி. இன்னும் இறக்க முடியும் என்று தோன்றுகிறது.

பூக்கள் பற்றிப் பாட்டியிடம் படித்துக்காட்டினேன். ஒரு வருடமாகவே வருகிறதாம், கண்ணாடிக்கு முன்பிருந்தே. "எனக்கு மட்டும்தான்னு நெனச்சேன்" என்றார். மருத்துவரிடமும் காட்டினோம், அவரும் அதையே சொன்னார். ஈர வகை இல்லை.

ஓரப்பார்வை அக்கா, பூதக்கண்ணாடியோடு அவர் படிப்பதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடம் கவனித்ததே இல்லை. எழுத்துக்கு மேலே, வலப்பக்கமாகப் பார்க்கிறார். படத்தைக் கீழேயும் இடப்பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் "நிறுத்து, நிறுத்து" என்றார். அந்த எண்ணைச் சேமித்துவைத்தேன். கீல் போட்டாகிவிட்டது, எழுந்திருக்கும்போது தானாகவே மேலே தள்ளிக்கொள்கிறார்.

நிறுத்தும் பட்டன் வேலை செய்த அன்று அவரே பெட்டியிலிருந்து ஒரு பழைய புகைப்படத்தை எடுத்து வந்தார். சின்ன வயதில் அக்காவோடு நின்று எடுத்தது. உள்ளங்கை அளவு, ஓரம் பழுத்துப்போனது. படத்தை நிறுத்தி, சக்கரத்தைத் திருப்பித் திருப்பி, ரொம்ப நேரம் பார்த்தார். நான் பக்கத்தில் ஒன்றும் பேசாமல் இருந்தேன். "அவ கையில வளையல் இருக்கு, என் கையில இல்ல. அன்னைக்கு அதுக்குத்தான் அழுதேன்" என்றார். நாற்பது நிமிடம் போட்டிருந்தார். தலைசுற்றல் பற்றிப் பேச்சே இல்லை.

இப்போது அவருக்கு ஒரே குறை. நிறம் மாற்றும் பட்டனையும் நிறுத்தும் பட்டனையும் மாற்றி மாற்றி அமுக்கிவிடுகிறார். ஒன்று வட்டம், ஒன்று சதுரம் என்றுதான் செய்திருக்கிறேன். போதவில்லை.

ஓரப்பார்வை

வளையல் வரியை இரண்டு தடவை கேட்டேன், தம்பி.

வயதான விரல் நுனிக்கு வட்டமும் சதுரமும் ஒன்றுபோலத்தான் இருக்கும், உயரம்தான் தெரியும். நிறுத்தும் பட்டனை மேலே எழுப்பி, நடுவில் ஒரு சின்னப் புடைப்பு வையுங்கள். நிறம் மாற்றுவதைக் குழிக்குள் இறக்கிவிடுங்கள். முடிந்தால் சக்கரத்துக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று பிரித்துவிடுங்கள். அவர் கண்ணை மூடச் சொல்லி, பெயர் சொன்னதும் எடுக்கிறாரா என்று பாருங்கள். பத்துக்குப் பத்தும் சரியாக வரும்வரை பசை போட்டு ஒட்டாதீர்கள்.